ஒரு பைக்... ஐந்து விலை!

எழும்பூரிலிருந்து நடந்து வந்து ஆதித்தனார் சாலைக்குள் திரும்பினால் (பெரியவர்களுக்கு அது இன்னும் ஹாரிஸ் ரோடுதான்) முதலில் வந்து வரவேற்பது வாசனை. பழைய இன்ஜின் ஆயில், வெல்டிங் புகை, பக்கத்திலேயே ஓடுகிற கூவம், நடுவில் யாரோ போடுகிற மிளகாய் பஜ்ஜி. நாலும் கலந்த அந்த மணத்துக்குப் பெயர் புதுப்பேட்டை.

ஜவுளிக்கடையில் புடவை தொங்குகிற மாதிரி இங்கே கார் கதவுகள் தொங்கும். பம்பர்களைக் கோத்து மாலையாக மாட்டியிருப்பார்கள். ஒரு கடையில் ஹெட்லைட்டுகள் மட்டும் தரையிலிருந்து கூரை வரை அடுக்கியிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் இருநூறு கண்கள் நம்மை முறைக்கின்றன. 2006-ல் செல்வராகவன் எடுத்த படத்தின் புண்ணியத்தில் தமிழ்நாடு முழுக்கப் பெயர் தெரிந்துவிட்ட இடம். ஆனால் நான் பார்த்தவரை இங்கே எல்லார் கையிலும் இருப்பது ஸ்பானர்தான்.

நான் போனது 2024 ஜூலையில், ஆடி பிறந்த கையோடு. காரணம், என் பல்சர் 150. 2016-ல் வாங்கியது. அப்போது வீட்டு ஜனத்தொகை இரண்டு. இப்போது நாலு. பெட்ரோல் டேங்க் மேல் சின்னவன், பின்னால் பெரியவள், அவளுக்குப் பின்னால் அம்மா, அம்மாவின் தோளில் இரண்டு ஸ்கூல் பை என்று நாங்கள் புறப்பட்டால் அது குடும்பம் போகிற மாதிரி இருக்காது, குடி பெயர்கிற மாதிரி இருக்கும். "கால் வைக்கிற இடத்துல பை வைக்கிற மாதிரி ஒரு ஸ்கூட்டர் வாங்குங்க. இல்லாட்டி நான் ஆட்டோவுல போறேன், பணம் நீங்க குடுங்க" என்று சகதர்மிணி தீர்ப்பு சொல்லிவிட்டாள். அப்பீல் கிடையாது.

ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்ட பல்சர் போயாக வேண்டும். எவ்வளவுக்குப் போகும்? ஃப்ரீலான்ஸாக எழுதிப் பிழைக்கிறவன் வீட்டில் பத்தாயிரம் ரூபாய் என்பது ரவுண்ட் ஆஃப் பண்ணுகிற தொகை அல்ல.

அடியேன் பி.காம். படித்தவன். மூன்று வருஷம் படித்ததில் மிச்சம் நிற்பது டிப்ரிசியேஷன் ஒன்றுதான். சரி, அதை வைத்தே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். சாலைக்கு வந்தபோது வண்டி 80,000 ரூபாய். வருமான வரிக் கணக்கில் சொல்கிற மாதிரி வருஷத்துக்கு 15 சதவிகிதம், மிச்சத்தின் மேல் கழித்துக்கொண்டே வந்தால் எட்டு வருஷம் முடிந்து நிற்பது 21,799. அழகான எண். ஒரு ரூபாய் கூட இல்லை, குறைவும் இல்லை. ஒரே ஒரு குறை, அந்த விலைக்கு வாங்க உலகத்தில் யாரும் இல்லை.

புதுப்பேட்டைக்கு நான் வண்டியை விற்கப் போகவில்லை. ஒரு பக்கக் கண்ணாடி உடைந்திருந்தது, இண்டிகேட்டர் ஒன்று செலோ டேப்பில் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தது, சைடு பேனலில் ஒரு கீறல். விற்பதற்கு முன்னால் இதையெல்லாம் மலிவாகச் சரிசெய்யலாம் என்று போனேன். கடைக்காரர் பாய், வண்டியைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் வந்தார்.

"விக்கப்போறியா சார்?"

"எப்படித் தெரிஞ்சுது?"

"எட்டு வருசம் ஓட்டுனவன் இண்டிகேட்டர் மாத்தறான்னா ஒண்ணு பொண்ணு பாக்கப் போறான், இல்ல வண்டிய விக்கப்போறான். உனுக்கு வயசு தாண்டிடுச்சு."

அவரிடமே கேட்டேன், இப்படியே எடைக்குப் போட்டால் என்ன கிடைக்கும் என்று. "பழைய இரும்பு கிலோ முப்பது. அலுமினியம் தனி. ஆனா ஆர்.சி. உயிரோட இருக்கிற வண்டிய எடைக்குப் போடலாமா சார்? பாவம்" என்றார். சுமார் 144 கிலோ வண்டி. எல்லாமே இரும்பு என்று வைத்துக்கொண்டாலும் 4,320 ரூபாய். காயலான் கடைக்குப் பயந்து ஒரு வாகனம் அழுமானால் என் பல்சர் அன்றைக்கு அழுதிருக்கும்.

சென்னையின் அந்தப் பழைய ஜோக் உங்களுக்குத் தெரிந்திருக்கும். புதுப்பேட்டையில் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்துத் திரும்பினால் நம் வண்டிக் கண்ணாடியை நமக்கே விற்பார்கள் என்று. அதை பாயிடம் லேசாக எடுத்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அந்த ஜோக்கு சொல்றவங்க பூராப் பேரும் கார் கதவு நசுங்குனா நேரா இங்கதான் சார் வராங்க" என்றார். கண்ணாடி, இண்டிகேட்டர், பேனல், சீட் கவர் எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய். கடைப் பையனே மாட்டிக்கொடுத்தான். டீயும் அவர்கள் கணக்கு.

அங்கிருந்து நேரே ஷோரூம். பெயர் வேண்டாம். ஏ.சி., கண்ணாடிக் கதவு, வாசலில் "ஆடி எக்ஸ்சேஞ்ச் மேளா" பேனர். ஆடியில் நம்ம ஜனங்கள் புது வண்டி எடுக்க மாட்டார்கள் என்பதால் கம்பெனிகளுக்கு அந்த ஒரு மாதம் தர்ம சிந்தனை பெருகிவிடும். கோட்டு போட்ட பெண் ஒருத்தி, "பழைய வண்டி இருக்கா சார்? நாங்களே எடுத்துக்கறோம். நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம்" என்றாள். கேட்கவே குளுகுளுவென்று இருந்தது. மதிப்பீடு செய்ய ஆள் வருவார் என்றாள். நான் டை கட்டிய இன்ஜினீயரை எதிர்பார்த்தேன். எதிர் டீக்கடையிலிருந்து பீடியை அணைத்துவிட்டு ஒருவர் வந்தார். வண்டியைக் கிளப்பிக்கூடப் பார்க்கவில்லை. டயரைக் கட்டை விரலால் ஒரு அமுக்கு. வானத்தை ஒரு பார்வை. "பதினாலு" என்றார். போய்விட்டார்.

பதினாலாயிரம்! பெண் அவசரமாக, "அதுமேல எக்ஸ்சேஞ்ச் போனஸ் மூவாயிரம் சார், ஆக மொத்தம் பதினேழு" என்றாள். இந்த இடத்தில்தான் பி.காம். உதவிக்கு வந்தது. மறுநாள் அதே ஷோரூமுக்கு என் மச்சானை அனுப்பினேன். பழைய வண்டி கிடையாது, கையில் காசு, என்ன குறைப்பீர்கள் என்று கேட்கச் சொன்னேன். அவனுக்கு 2,500 ரூபாய் தள்ளுபடி. அதாவது பழைய வண்டி கொடுக்காதவனுக்கும் 2,500 உண்டு. அப்படியானால் என் பல்சருக்கு அவர்கள் நிஜமாகக் கொடுப்பது பதினேழு அல்ல, 14,500. எக்ஸ்சேஞ்சுக்குப் போகிறவர்கள் இந்த ஒரு காரியத்தை மட்டும் செய்யுங்கள். வண்டி கொடுத்தால் ஒரு பில், கொடுக்காவிட்டால் ஒரு பில், இரண்டையும் எழுதி வாங்குங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் வண்டியின் விலை. மற்றதெல்லாம் பேனர்.

ஆற்காடு சாலையில் ஒரு பழைய பைக் வியாபாரியிடம் காட்டினேன். அவர் கிளப்பி, காது கொடுத்துக் கேட்டு, 18,000 என்றார். கௌரவமான விலை. நேரடியாக ஒருவருக்கு விற்றால் 25,000-க்கு மேல் போகும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். ஷோரூமுக்கும் அதற்கும் நடுவில் பத்தாயிரத்துக்கு மேல் பள்ளம். அந்தப் பள்ளத்தில் என்ன இருக்கிறது? அலைச்சல், பேரம், கண்டவன் போன், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம். "இதுக்கெல்லாம் பயந்து பத்தாயிரத்தை விடுவானா மனுஷன்?" என்று நானும், "நிம்மதின்னு ஒண்ணு இருக்குல்ல?" என்று வீட்டம்மாவும் ஒரு ராத்திரி விவாதித்துக்கொண்டிருந்தபோதுதான் மாடிப் போர்ஷன் மாமா இறங்கி வந்தார்.

மாமா ரிட்டயர்டு. 2019-ல் தன் ஸ்கூட்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துப் புதுசு எடுத்தார். நாலு இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்களாம், போட்டார். காகிதத்தில் வாங்குபவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. "அது நாங்க ஃபில் பண்ணிக்கறோம் சார்." இனிப்பு கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், வந்துவிட்டார். ஸ்கூட்டர் ஷோரூமிலிருந்து புரோக்கர், புரோக்கரிடமிருந்து இன்னொருவர் என்று கை மாறி மாறிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது, அந்தக் காலிக் காகிதத்தோடு. 2021-ல் விழுப்புரம் பக்கம் யாரோ ஓட்டி, யார் மேலோ மோதி, சம்மன் மாமா வீட்டுக் கதவைத் தட்டியது. இன்ஷூரன்ஸ் எப்போதோ முடிந்திருந்தது. ஆறு தடவை பஸ் ஏறிப் போய், கடைசியில் சமரசத்தில் கைக்காசு 60,000 கொடுத்து வெளியே வந்தார்.

"தம்பி, வண்டி போயிடுச்சுன்னு நெனச்சேன். என் பேரு போகல" என்றார்.

சட்டம் மாமா பக்கம் இல்லை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு கார் வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. அந்தக் காரும் பல கை மாறியிருந்தது. ஆனால் பதிவில் இருந்தது முதல் ஆளின் பெயர். பதிவில் யார் பெயரோ அவர்தான் சொந்தக்காரர், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்றது கோர்ட். அடிபட்டவன் வண்டி கை மாறிய வரலாற்றையெல்லாம் துரத்திக்கொண்டு ஓட முடியாது, நியாயம்தானே!

அன்றைக்கு ராத்திரிதான் எனக்கு விஷயம் புரிந்தது. ஷோரூமுக்குப் பத்தாயிரம் விட்டுக்கொடுப்பது நிம்மதிக்காக என்றால், அந்த நிம்மதியை அவர்கள் நிஜமாகவே கொடுக்கிறார்களா என்று கேட்க வேண்டாமா? மறுநாள் போய்க் கேட்டேன். "பேரு எத்தனை நாள்ல மாறும்? எழுதிக் கொடுப்பீங்களா?" கோட்டுப் பெண் மேனேஜரைக் காட்டினாள். மேனேஜர் டீக்கடையைக் காட்டினார். டீக்கடைக்காரர்... நல்லவேளை, "பதினாலு" அங்கே இருந்தார். "கஸ்டமர் கெடைச்சதும் மாத்திருவோம் சார். உங்களுக்கு எதுக்கு டென்ஷன்?"

ஒன்று சொல்ல வேண்டும். இப்போது இதற்கு விதி இருக்கிறது. பழைய வண்டி வாங்கி விற்கும் வியாபாரிகள் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. 2023 ஏப்ரல் 1 முதல் அமல். அப்படி அங்கீகாரம் பெற்றவரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது ஃபார்ம் 29-சி கொடுத்துவிட்டால், மறுபடி விற்கிறவரை வியாபாரியே சொந்தக்காரராகக் கருதப்படுவார். உங்கள் தலைவலி அவருக்கு. ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு?" இல்லை, "சர்டிபிகேட் இருக்கா?" ஆற்காடு சாலைக்காரரிடம் கேட்டேன். அவர் என்னை உயிர்மெய் எழுத்து கேட்டவன் மாதிரி பார்த்தார். "எல்லாம் ஒரு நம்பிக்கைதான் சார்."

ஆக, நேரடி விற்பனை. இணையத்தில் விளம்பரம் போட்டேன், 28,000 என்று. அடுத்த ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பார்த்த மனிதர்களை வைத்து ஒரு தொடர்கதையே எழுதலாம்.

ராத்திரி பதினொன்றே காலுக்கு போன்: "லாஸ்ட் பிரைஸ் எவ்ளோ?" வண்டியைப் பார்க்கவில்லை, பெயரைச் சொல்லவில்லை, ஹலோ கூட இல்லை. இன்னொருவர் தான் ராணுவத்தில் இருப்பதாகவும், வண்டியைப் பார்க்க வேண்டாம் என்றும், பணத்தை உடனே அனுப்புவதாகவும் சொல்லி ஒரு கியூ.ஆர். கோடு அனுப்பினார், "ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வந்துரும்." பணம் வாங்குவதற்கு யாரும் பின் நம்பர் போட வேண்டியதில்லை என்பது பெட்டிக்கடை ஆயாவுக்கே தெரியும். ராணுவத்தைச் சொல்லி இந்த மோசடி ஊர் ஊராக நடந்துகொண்டிருக்கிறது, ஜாக்கிரதை!

ஒருவர் ஓட்டிப் பார்க்கிறேன் என்று எடுத்துக்கொண்டு போனவர் நாற்பது நிமிஷம் கழித்து வந்தார், டேங்க் மேல் ஒரு கட்டு முருங்கைக்காயோடு. "மார்க்கெட் வழியா வந்தேன், மலிவா இருந்துது." வண்டி வேண்டாமாம். முருங்கைக்காய் இரண்டு கொடுத்துவிட்டுப் போனார். (அவருடைய சொந்த வண்டியின் சாவி அதுவரை என் பாக்கெட்டில் இருந்தது என்பதால் நான் பதறவில்லை. சாவியோ அடையாள அட்டையோ வாங்காமல் யாருக்கும் ஓட்டக் கொடுக்காதீர்கள்.) இன்னொருவர் கூடவே மெக்கானிக்கை அழைத்து வந்தார். அந்த மெக்கானிக், இன்ஜின் பக்கம் குனிந்து கேட்டுவிட்டு, ஐ.சி.யூ. வாசலில் டாக்டர் வருகிற மாதிரி மெதுவாகத் தலையை ஆட்டினார். எந்தச் சத்தத்துக்கும் தலையாட்டல். ஹாரன் அடித்தேன், அதற்கும் ஆட்டினார்.

இதற்கு நடுவில் ஆடி வேறு. பிடித்துப்போன இரண்டு பேர், "ஆவணி பொறக்கட்டும் சார்" என்று போனவர்கள், போனவர்கள்தான்.

ஆவணி பிறந்த முதல் ஞாயிறு அந்தப் பையன் வந்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வேலை. எங்கள் ஏரியாவிலேயே ஒண்டுக் குடித்தனம். முதல் வண்டி. கூட மெக்கானிக் இல்லை, அம்மா. அம்மா ஒன்றும் பேசாமல் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டு, "சொகமாத்தான் இருக்கு. உனக்கு எட்டுதா பாரு" என்றார். ஐந்து வாரத்தில் வந்த எல்லா நிபுணர்களிலும் வண்டியை ஒழுங்காகப் பரிசோதித்தவர் அவர்தான்.

நான் 26,000-க்கு இறங்கினேன். பையன் 25,000-ல் நின்றான். அவ்வளவுதான் இருந்தது அவனிடம். பார்த்தாலே தெரிந்தது. அப்புறம் அவன் சொன்னான், "பேரு மெதுவா மாத்திக்கறேன் சார், தீபாவளி போனஸ் வரட்டும்."

எனக்கு மாமாவின் முகம் ஞாபகம் வந்தது. "இருபத்தஞ்சு ஐந்நூறு. ஒரே கண்டிஷன், புதன்கிழமை நம்ம ரெண்டு பேரும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போறோம். இல்லேன்னா வண்டி இல்ல" என்றேன். அரை நாள் சம்பளம் போகும் என்று அவன் யோசித்தான். அம்மாதான் பர்ஸைத் திறந்து ஐந்நூறு ரூபாயை எடுத்து வைத்தார். "போயிட்டு வாடா. நாளைக்கு வழியில போலீஸ் புடிச்சா, வண்டி யாருதுன்னு கேட்டா என்னா சொல்லுவ?" நான் விற்கிறவன் பக்கத்துப் பயத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். வாங்குகிறவனுக்கும் அதே பெயர்தான் வேண்டியிருக்கிறது!

டெலிவரி நோட்டில் தேதியும் நேரமும் எழுதி இருவரும் கையெழுத்து. நாலரைக்கு ராகு காலம் ஆரம்பம் என்று அம்மா அவசரப்படுத்தினார். 4 மணி 20 நிமிஷம் என்று எழுதினேன். சட்டமும் பஞ்சாங்கமும் ஒரே காகிதத்தில் சமாதானமாகிவிட்டன.

புதன்கிழமை. ஃபார்ம் 29, ஃபார்ம் 30, ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, இருவர் அடையாள அட்டை நகல். விற்றவன் 14 நாளுக்குள்ளும் வாங்கியவன் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவு. கடனில் வாங்கிய வண்டியானால் ஃபார்ம் 35-ம் பாங்க் கடிதமும் கொடுத்து ஆர்.சி.யிலிருந்து பாங்க் பெயரை எடுத்தால்தான் இதெல்லாம் நடக்கும். என் கடன் முடிந்த வாரமே அதைச் செய்திருந்தேன். பாலிசியையும் 14 நாளுக்குள் தன் பெயருக்கு எழுதிக்கொள்ளச் சொன்னேன் பையனிடம். இன்ஷூரன்ஸில் எனக்குச் சேர்ந்திருந்த நோ கிளெய்ம் போனஸ் மட்டும் வண்டியோடு போகாது. அது ஆளுக்குச் சொந்தம். கம்பெனியில் கடிதம் வாங்கி ஸ்கூட்டர் பாலிசியில் கழித்துக்கொண்டேன். டூ வீலருக்கு அது சில நூறு ரூபாய்தான். ஆனால் சில நூறு ரூபாயும் ரூபாய்தானே.

கணக்கு: கைக்கு வந்தது 25,500. புதுப்பேட்டை 1,150, சர்வீஸ் 900, வாட்டர் வாஷ் 150 போக 23,300. ஷோரூமின் நிஜ விலையைவிட 8,800 அதிகம். ஐந்து ஞாயிற்றுக்கிழமைக்கு வகுத்தால் ஞாயிறு ஒன்றுக்கு 1,760 ரூபாய். ஒரு கட்டுரைக்கு எனக்குக் கிடைப்பது எவ்வளவு என்று இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். அதனால், லாபம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நேரமே இல்லாதவர்கள், வெளியூர் மாற்றலில் போகிறவர்கள், முருங்கைக்காய் பிடிக்காதவர்கள், சர்டிபிகேட் வைத்திருக்கிற வியாபாரியிடம் தாராளமாகப் போகலாம்.

இப்போது விற்கிறவர்கள் என் 25,500-ஐ அளவுகோலாக வைக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான புது வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்துவிட்டது. புதுசு இறங்கினால் பழசும் இறங்கும்.

சில வாரத்தில் பதிவு மாறியதாகச் செய்தி வந்தது. எம்-பரிவாகன் ஆப்பில் என் பழைய நம்பரைத் தட்டினேன். நட்சத்திரக் குறிகளுக்கு நடுவில் பையனின் பெயர் எழுத்துக்கள் எட்டிப் பார்த்தன. மாடிக்குப் போய் மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, இதுல எந்த வண்டிய வேணாலும் பாக்கலாமா?"

"நம்பர் தெரிஞ்சா போதும் மாமா."

"ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். இருந்துது. 2012-ல ஊர்ல என் மச்சினனுக்குச் சும்மாவே குடுத்தேன்." டைரியைத் தேடி எடுத்து நம்பரைப் படித்தார். தட்டினேன். சக்கரம் சுற்றியது. நட்சத்திரங்கள் வந்தன. நடுவில் மாமாவின் இனிஷியல்.

மாமா உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏண்டி, உன் தம்பி போன் நம்பர் எங்க?"